மாஸ் பால் ஏன் பழுப்பாகுது, ஏன் மிதக்குது, அமெரிக்காவுல ஏன் கொதிக்க வச்சு குப்பைல போடச் சொன்னாங்க?

மீன் கடையில சின்ன கண்ணாடி ஜாடிக்குள்ள பச்சையா, வெல்வெட் துணிய சுருட்டி வச்ச மாதிரி ஒரு உருண்டை விப்பாங்க. மரிமோன்னும் சொல்வாங்க, மாஸ் பால்னும் சொல்வாங்க. "இத பாத்துக்கவே வேணாம், சாகவே சாகாது"ன்னு சொல்லித்தான் கையில குடுப்பாங்க. வாங்கிட்டுப் போனவங்க கேக்குற கேள்வி மட்டும் அதுக்கு நேர் எதிரா இருக்கும்: பழுப்பாயிடுச்சு, ஒரு பக்கம் வெளுத்துப் போச்சு, நேத்து வரைக்கும் அடியில கிடந்தது இன்னிக்கு மேல மிதக்குது, பிழிஞ்சா நாறுது. இதோட 2021-ல அமெரிக்காவுல இந்த உருண்டைய அழிச்சிடுங்கன்னு அரசாங்கமே சொன்ன செய்தியும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, அதனால இது விஷமோ, மீனுக்கு ஆகாதோன்னு ஒரு பயம் வேற.

விஷம் இல்ல. ஆனா "பாத்துக்கவே வேணாம்"ங்கிறதும் உண்மை இல்ல. இது எந்த மாதிரி ஏரியில எப்படி வளருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மேல இருக்குற கேள்வி அத்தனைக்கும் அதுலயே பதில் இருக்கு, அதனால அங்க இருந்தே ஆரம்பிப்போம்.

இது என்ன உயிர்

மாஸ் பால்னு பேர் இருந்தாலும் இது மாஸ் (ஈரத்துல வளர்ற குட்டிச் செடி) இல்ல, ஆல்கா, அதாவது பாசி. ஜாவா மாஸ், கிறிஸ்மஸ் மாஸ் இதையெல்லாம் கிட்ட வச்சுப் பாத்தா குட்டி குட்டியா இலையும் தண்டும் தெரியும். மரிமோவுக்கு இலை, தண்டு, வேர் எதுவுமே கிடையாது, கிளை கிளையா பிரியுற பச்சை நார் மட்டும்தான். அறிவியல் பேர் ஏகக்ரோபிலா லின்னேயி. பழைய புத்தகங்கள்ல கிளாடோஃபோரா வகையில சேத்திருப்பாங்க, அதாவது டேங்க்ல கல்லு மேல படர்ந்து உயிர வாங்குற நார் பாசி இருக்கே, அதுக்கு இது தூரத்துச் சொந்தம். இந்த விவரத்தால ஒரு நேரடி விளைவு இருக்கு: டேங்க்ல பாசி புடிச்சிடுச்சுன்னு ஆல்கா கொல்லி மருந்த ஊத்துனா அது மரிமோவையும் சேத்துதான் அடிக்கும், மருந்துக்கு இது அழகுப் பொருள்னு தெரியாது.

இந்த ஆல்கா இயற்கையில மூணு விதமா வாழும். கல்லுல ஒட்டிக்கிட்டு படரும், இல்ல அடியில பிய்ஞ்ச பாய் மாதிரி தளர்வா கிடக்கும், ரொம்ப அபூர்வமா உருண்டையா மாறும். மூணும் ஒரே உயிர்தான். உருண்டைக்கு உள்ள கல்லோ விதையோ எதுவும் இல்ல, நடுவுல இருந்து எல்லாப் பக்கமும் நாரா நீண்டிருக்கும், அவ்வளவுதான். வெட்டிப் பாத்தா உள்ளயும் பச்சையா இருக்கும், உள்ள இருக்குற நாரு வெளிச்சம் இல்லாம சும்மா தூங்கிக்கிட்டு இருக்கும், வெளிய வந்து வெளிச்சம் பட்டா மறுபடி வேலைய ஆரம்பிக்கும். அதனாலதான் ஒரு உருண்டைய ரெண்டா பிச்சு உருட்டி விட்டாலும் ரெண்டும் பிழைக்குது.

உருண்டையா ஆக்குறது யாரு

இதோட ரொம்பப் பேர் போன ஊரு ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல இருக்குற அக்கான் ஏரி. ஆனா முதல்ல கண்டுபுடிச்சது அங்க இல்ல, 1820-கள்ல ஆஸ்திரியாவுல செல் ஏரியில. ஜப்பான்ல 1897-ல அக்கான் ஏரியில பாத்து, அடுத்த வருஷம் கவகாமின்னு ஒருத்தர் மரிமோன்னு பேர் வச்சாரு. 1921-ல ஜப்பான் அரசாங்கம் இத இயற்கை நினைவுச் சின்னமா அறிவிச்சுது, 1952-ல அதுக்கும் மேல சிறப்பு நினைவுச் சின்னம்னு ஏத்துனாங்க. ஒரு பாசிக்கு இவ்வளவு மரியாதையான்னு தோணும், ஆனா அங்க 20, 30 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு, கிட்டத்தட்ட ஃபுட்பால் அளவுக்கு உருண்டை கிடக்கும், அத பாத்தா மரியாதை தானா வரும்.

உருண்டை வடிவம் அந்த ஆல்காவோட சொந்த குணம் இல்ல. ஏரியோட வேலை அது. உருளணும்னா இவ்வளவும் ஒண்ணா அமையணும்:

1. ஆழம் கம்மியா இருக்கணும், வெளிச்சம் அடி வரைக்கும் போகணும், ஆனா சுள்ளுன்னு அடிக்கக் கூடாது.

2. காத்து வாட்டமா அடிக்கணும். அலையோட அசைவு அடி வரைக்கும் இறங்கி உருண்டைய மெதுவா புரட்டணும், அதே சமயம் தூக்கிக் கரையில எறிஞ்சிடவும் கூடாது. இந்த புரட்டல்தான் எல்லாப் பக்கத்துக்கும் மாத்தி மாத்தி வெளிச்சம் காட்டுது, மேல படியுற சேத்தையும் உதறி விடுது.

3. தண்ணி குளிர்ச்சியா இருக்கணும். அக்கான் ஏரி குளிர்காலத்துல மேல ஐஸ் கட்டி உறைஞ்சு போயிடும், உருண்டைங்க அதுக்கு அடியில உயிரோட கிடக்கும்.

4. தண்ணியில சத்து அளவுக்கு மீறி சேரக் கூடாது. உரமும் கழிவும் கலந்து நைட்ரஜன், பாஸ்பரஸ் ஏறுனா மிதக்குற பாசி பெருகி தண்ணி கலங்கிடும், அடியில இருக்குறதுக்கு வெளிச்சம் போகாது.

இதுல ஒண்ணு தவறுனாலும் போச்சு. ஐஸ்லாந்துல மிவாத்ன் ஏரியில மரிமோ அடி முழுக்க கம்பளம் விரிச்ச மாதிரி கிடந்துச்சு, 2006-ல சட்டப் பாதுகாப்பும் குடுத்தாங்க, அடுத்த சில வருஷத்துலயே கிட்டத்தட்ட காணாம போச்சு. சட்டம் போட்டு மனுசன் கைய கட்டலாம், தண்ணியில ஏற்கனவே சேந்த சத்த என்ன பண்றது. அக்கான்லயே காட்டு மரம் வெட்டுனதுலயும், மின்சாரத்துக்காக ஏரித் தண்ணிய எடுத்து நீர்மட்டம் இறங்குனதுலயும் நிறைய அழிஞ்சு போச்சு. நினைவுப் பொருளா திருடிட்டுப் போனது தனிக் கணக்கு. எடுத்துட்டுப் போன உருண்டைய ஏரிக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லி ஒரு இயக்கம் நடந்து, 1950-ல இருந்து அந்த ஊர் ஐனு பழங்குடி மக்கள் முன்னால நின்னு அக்டோபர் மாசம் மரிமோ திருவிழா நடத்துறாங்க.

இப்ப நம்ம டேங்க்குக்கு வருவோம். டேங்க்ல காத்து இல்ல, அலை இல்ல, ஐஸ் இல்ல. ஃபில்டர் ஒரு பக்கம் தண்ணிய தள்ளும், உருண்டை ஒரு மூலையில போய் ஒதுங்கி மாசக் கணக்குல அதே பக்கமா படுத்துக் கிடக்கும். ஏரி பண்ண வேலைய வளக்குறவங்க பண்ணணும், பராமரிப்புங்கிறது இதுல அது ஒண்ணுதான்.

வருஷத்துக்கு 5 மில்லிமீட்டர், அதனால என்ன

மரிமோ பொதுவா வருஷத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர்தான் குறுக்களவுல வளரும். இந்த ஒரு எண்ண வச்சே கடையில சொல்ற மூணு கதைய சோதிச்சுப் பாத்துடலாம்.

1. "இது ஏரியில தானா உருண்டது." 5 சென்டிமீட்டர் உருண்டை தானா வளர பத்து வருஷம் ஆகணும். அப்படி ஒண்ண சில நூறு ரூபாய்க்கு பெட்டி பெட்டியா யாராலயும் விக்க முடியாது. நிறைய உருண்டை, தளர்வா கிடக்குற நார எடுத்து கையால உருட்டுனது. அக்கான் ஊர்லயே சுற்றுலாப் பயணிகளுக்கு விக்கிற குட்டி உருண்டைங்க அந்த ஏரியோட இயற்கை உருண்டை இல்ல, வேற ஏரி நார வச்சு உருட்டுனதுதான். இது ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன், உயிர் அதே உயிர்தான், இன்னும் சொல்லப் போனா ஏரிக்கு இதுதான் நல்லது. ஆனா கையால உருட்டுனது தளர்வா இருக்கும், சீக்கிரம் பிரிஞ்சு போகும், அத அப்பப்ப உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே இருக்கணும்.

2. "நூறு வருஷம், இருநூறு வருஷம் வாழும்." ஆல்காவா பாத்தா வாழலாம், உருண்டைக்கு வயசு சொல்றதுல பெருசா அர்த்தம் இல்ல. ரொம்பப் பெருசானா நடுவுல வெளிச்சமும் தண்ணி ஓட்டமும் போகாம உள்ள அழுகி குடைஞ்சிடும், அப்புறம் அது உடையும், உடைஞ்ச துண்டுங்க புது உருண்டையா சுத்த ஆரம்பிக்கும்.

3. "போட்டா போதும், மீன் கழிவால தண்ணியில சேர்ற நைட்ரேட் எல்லாத்தையும் உறிஞ்சிடும், ஃபில்டரே வேணாம்." இதுதான் மீன சாகடிக்கிற கதை. ஒரு செடி தண்ணியில இருந்து எவ்வளவு சத்து எடுக்குதுங்கிறது அது எவ்வளவு வளருதுங்கிறதப் பொறுத்ததுதான், எடுத்தது எல்லாம் உடம்பாதானே மாறணும். வருஷத்துல 5 மில்லிமீட்டர் வளர்றது எவ்வளவு எடுத்துட முடியும்? ஒரு பெட்டா மீன் போடுற கழிவுக்கே ஈடு குடுக்காது. நைட்ரேட் குறையணும்னா டக்வீடோ, வேர் மட்டும் தண்ணிக்குள்ள விட்ட மணி பிளான்டோ வைங்க, கிடுகிடுன்னு வளர்றதுதான் உறிஞ்சும். மரிமோ இருக்குங்கிறதுக்காக வாட்டர் சேஞ்ச தள்ளிப் போடாதீங்க.

டேங்க்ல பாத்துக்க வேண்டியது

1. சூடு. எல்லாத்தையும் விட பெரிய பிரச்சனை இதுதான், அதுவும் நம்ம ஊர்ல. மரிமோவுக்கு 25 டிகிரிக்குள்ள இருந்தா சந்தோஷம், 27, 28 வரைக்கும் தாக்குப் புடிக்கும். சென்னையிலயோ மதுரையிலயோ மே மாசம் டேங்க் தண்ணி 30-ஐ தாண்டிப் போகும், அந்தச் சூட்டுல வாரக் கணக்குல கிடந்தா உள்ள இருந்து அழுக ஆரம்பிக்கும், வெளிய பச்சையா இருக்கும்போதே. டிஸ்கஸ் மாதிரி சூடு கேக்குற மீனோட போடவே போடாதீங்க. கோடையில தனி ஜாடிக்கு மாத்தி வீட்டுலயே குளிர்ச்சியான மூலையில வைக்கிறது நல்லது, ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல சில நாள் வச்சாலும் ஒண்ணும் ஆகாது, ஐஸுக்கு அடியில வாழ்ந்த உயிர் அது, ஃப்ரீசர்ல மட்டும் வச்சுடாதீங்க. டேங்க்லயே வைக்கணும்னா தண்ணிக்கு மேல சின்ன ஃபேன் ஓட விட்டா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், காத்துல ஈரம் ஜாஸ்தி இருக்குற கடலோர ஊர்ல அவ்வளவுகூட இறங்காது. ஊட்டி, கொடைக்கானல்காரங்க இந்தப் பாயிண்ட்ட தாண்டிப் போயிடலாம்.

2. வெளிச்சம். ஜன்னல் ஓரத்து நேரடி வெயில் வேணவே வேணாம், சாதாரண ரூம் வெளிச்சம் போதும். செடிக்காக பெரிய லைட் போட்ட டேங்க்ல வைக்கிறீங்கன்னா பெரிய இலை செடிக்கு நிழல்ல வைங்க. குளிர்ந்த தண்ணியில பலமான வெளிச்சம் பட்டா மரிமோ செல் கெட்டுப் போகுதுன்னு டோக்கியோ பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க காட்டியிருக்காங்க, அக்கான்ல ஐஸ் மெலிஞ்சா என்ன ஆகும்ங்கிற கவலையில பண்ண ஆய்வு அது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜாடிய நேரா வெயில்ல வைக்கக் கூடாதுங்கிறதுக்கும் அதே காரணம்தான்.

3. புரட்டுறதும் கழுவுறதும். வாட்டர் சேஞ்ச் பண்ணும்போது ஒரு தடவ புரட்டி விடுங்க. அப்பப்ப வெளிய எடுத்து, டேங்க்ல இருந்து எடுத்த தண்ணியிலயே ஸ்பாஞ்ச் மாதிரி மெதுவா அமுக்கி உள்ள இருக்குற அழுக்க வெளியேத்தி, உள்ளங்கையில உருட்டி திரும்பப் போடுங்க. துணி பிழியுற மாதிரி முறுக்காதீங்க, நாரு அறுந்துடும்.

4. தண்ணி. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போட்டோ ஒரு நாள் திறந்து வச்சோதான் பயன்படுத்தணும். கொஞ்சம் உப்புத் தன்மை, கடினத் தன்மை இருக்குற போர் தண்ணிய இது தாங்கிக்கும், பால்டிக் கடலோரத்துல உவர் தண்ணியிலயே இது வளருது.

5. கூட இருக்குற மீன். கோல்ட் ஃபிஷ் பிச்சுத் தின்னும், சில்வர் டாலரும் அப்படித்தான், பெருசான சக்கர் ஃபிஷ் சொரண்டி நாசம் பண்ணும், க்ரேஃபிஷ் பத்தி சொல்லவே வேணாம். கப்பி, டெட்ரா, பெட்டா எல்லாம் பிரச்சனை இல்ல. செர்ரி ஷ்ரிம்ப் இருந்தா இன்னும் நல்லது, உருண்டை மேல ஏறி உக்காந்து நாருக்கு நடுவுல இருக்குற துணுக்க எல்லாம் பொறுக்கித் தின்னும், நமக்கு கழுவுற வேலை கொஞ்சம் குறையும்.

6. மருந்து. ஆல்கா கொல்லி ஏன் ஆகாதுன்னு பாத்துட்டோம். காப்பர் கலந்த மீன் மருந்தும் அப்படித்தான். லிக்விட் கார்பன்னு செடிக்காக விக்கிறது பலதுல குளூட்டரால்டிஹைட் இருக்கும், அதுவும் ஆல்காவுக்கு ஆகாது. இதுல எத ஊத்துறதா இருந்தாலும் உருண்டைய முதல்ல வெளிய எடுத்துடுங்க.

நிறம் மாறுனா எப்படிப் படிக்கிறது

மேல வெள்ளையா, வெளுத்த மாதிரி ஆனா பெரும்பாலும் வெளிச்சம் அதிகம், நிழலுக்கு மாத்துங்க. ஒரே ஒரு பக்கம், அதுவும் அடிப்பக்கம் மட்டும் பழுப்புன்னா புரட்டாம விட்டிருக்கீங்க. முழுசா பழுப்புன்னா சூடு, இல்ல அழுக்குத் தண்ணி, ரெண்டையும் சரி பண்ணி குளிர்ந்த தண்ணியில சில வாரம் தனியா வச்சா பல சமயம் திரும்பி வரும். மேல வேற நிறத்துல வழவழன்னு இருந்தா உருண்டைக்கு நோய் இல்ல, வேற பாசி ஏறியிருக்கு, கையால உருவி எடுத்துட வேண்டியதுதான்.

சாம்பலாவோ கறுப்பாவோ ஆகி, அமுக்குனா முட்டை அழுகுன நாத்தம் வந்தா உள்ள அழுகிடுச்சு. பிச்சுப் பாருங்க, கெட்டது எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பச்சையா இருக்குற நார மட்டும் சேத்து சின்னதா உருட்டுங்க. அவிழ்ந்து போகாம இருக்க பருத்தி நூல் சுத்தலாம். முழு உருண்டையும் போயிடுச்சேன்னு பாக்காதீங்க, கொஞ்சம் பச்சை நார் இருந்தாலே திரும்ப ஆரம்பிக்கலாம்.

மிதக்குறது ஏன்

புதுசா வாங்குனதோ கழுவி எடுத்ததோ மிதந்தா உள்ள காத்து மாட்டியிருக்கு, தண்ணிக்குள்ள வச்சு அமுக்கி விட்டா இறங்கிடும். நல்லா ஆரோக்கியமா இருக்குற உருண்டை பகல்ல மேல வந்து ராத்திரி இறங்குனா அது வேற விஷயம். வெளிச்சத்துல அது ஆக்சிஜன் விடும், அந்தக் குமிழிங்க நாருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு உருண்டையத் தூக்கும், இருட்டுனா குமிழி குறைஞ்சு இறங்கும். 2018-ல இங்கிலாந்து பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இத சோதிச்சுப் பாத்தாங்க: குமிழி உருவாகாம தடுத்தா மிதக்கல, அதோட வெளிச்சத்துக்கு எவ்வளவு வேகமா மிதக்கும்ங்கிறத உள்ள இருக்குற நாள் கடிகாரமும் முடிவு பண்ணுது, விடியுற நேரத்துல சீக்கிரமா மேல வருது. ஆக மிதக்குறது பொதுவா நல்ல அறிகுறி. மிதந்துக்கிட்டே நாறுனா மட்டும் அது அழுகுன வாயு.

2021-ல அமெரிக்காவுல என்ன நடந்துச்சு

பிப்ரவரி கடைசியில சியாட்டில்ல பெட்கோங்கிற வளர்ப்புப் பிராணிக் கடை ஊழியர் ஒருத்தர் விக்க வந்த மாஸ் பால் ஒண்ணுல குட்டி மட்டி ஒட்டியிருக்குறதப் பாத்து அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு தகவல் சொன்னாரு. அது ஜீப்ரா மஸல். தேடித் தேடிப் பாத்தா மார்ச் மாசத்துக்குள்ள இருபதுக்கும் மேற்பட்ட மாநிலக் கடைகள்ல அதே கதை, சரக்கு உக்ரைன்ல இருந்து வந்தது. கடைங்க விக்கிறத நிறுத்துனாங்க. வாங்குனவங்களுக்கு சொன்ன வழி: ஃப்ரீசர்ல 24 மணி நேரம் வை, இல்ல ஒரு நிமிஷமாவது கொதிக்க வை, இல்ல ப்ளீச்லயோ வினிகர்லயோ முக்கு, அப்புறம் பைல கட்டி குப்பைல போடு, டேங்க் தண்ணியையும் ப்ளீச் போட்டுத்தான் கொட்டணும்.

இவ்வளவு பதட்டம் எதுக்குன்னா:

1. ஜீப்ரா மஸல் கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து உயிர். கப்பல் பாரத்துக்காக ஏத்துற தண்ணியில வந்து 1988-ல அமெரிக்கப் பேரேரிகள் பக்கம் முதல்ல புடிபட்டுச்சு.

2. ஒரு பெண் மட்டி வருஷத்துக்கு லட்சக் கணக்குல முட்டை போடும், குஞ்சு கண்ணுக்கே தெரியாது, தண்ணியோட எங்க வேணா போகும்.

3. வளந்தது குழாய்க்குள்ள, மதகுல, படகுல கொத்துக் கொத்தா ஒட்டி தண்ணி வர்ற வழியவே அடைச்சிடும். தண்ணிய வடிகட்டி வடிகட்டி மிதக்குற நுண்ணுயிர் மொத்தத்தையும் தின்னுடும், அந்த ஏரி மீனுக்கு சாப்பாடு இருக்காது.

4. அதுவரைக்கும் படகு மூலமா பரவுதுன்னு படகையே கழுவிக்கிட்டு இருந்தாங்க. மீன் கடை வழியா வீட்டுக்குள்ள வரும்னு யாரும் காவல் போடல. ஒருத்தர் அந்த ஜாடித் தண்ணிய வாய்க்கால்ல கொட்டுனா போதும்.

அதனால உத்தரவு மீனைக் காப்பாத்தவும் இல்ல, மனுசனைக் காப்பாத்தவும் இல்ல, ஏரியக் காப்பாத்த. மரிமோ மேல எந்தக் குத்தமும் இல்ல, நாருக்கு நடுவுல எது வேணா ஒளிஞ்சுக்க முடியுங்கிறதுதான் பிரச்சனை.

நமக்கு இது சம்பந்தமில்லையா

எண்ணூர், பழவேற்காடு மீனவங்க காக்கா ஆழின்னு சொல்ற மட்டி தெரியும்தானே? தென் அமெரிக்கப் பக்கத்து மட்டி, கப்பல் வழியா வந்திருக்கும்னு சொல்றாங்க. கொசஸ்தலை ஆத்துல, பழவேற்காட்டுல அடிச் சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்து இறாலுக்கும் நம்ம ஊரு மட்டிக்கும் இடம் இல்லாம பண்ணி, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. கடையில வாங்கி ஏரியில விட்ட சக்கர் ஃபிஷ் இன்னிக்கு தமிழ்நாட்டு ஏரி குளத்துல வலையக் கிழிக்குது. ஆக வெளியூர் உயிர் நம்ம தண்ணியில இறங்குனா என்ன ஆகும்னு அமெரிக்காவப் பாத்து கத்துக்க வேண்டிய நிலைமையில நாம இல்ல.

வாங்கும்போது இத பாருங்க:

1. எந்த நாட்டு சரக்குன்னு கேளுங்க. கொளத்தூர் மாதிரி மொத்த விலைச் சந்தையில வாங்குனாலும் கேளுங்க, பதில் வராதுதான், கேக்குறவங்க அதிகமானா வரும்.

2. கையில எடுத்து லேசா விரிச்சுப் பாருங்க. குட்டி இலை தெரிஞ்சா அது பந்து மேல கட்டுன ஜாவா மாஸ். உள்ள கெட்டியா பிளாஸ்டிக்கோ தெர்மாகோலோ தட்டுப்பட்டா வேணாம்னு வச்சிடுங்க. ஜாவா மாஸ் பந்து மட்டமான பொருள் இல்ல, நம்ம ஊரு சூட்டுக்கு மரிமோவ விட அது நல்லாவே தாங்கும், மரிமோ விலைக்கு வாங்காம இருந்தா சரி.

3. விரல்ல நெருடுற மாதிரி கெட்டியா, முக்கோணமா, கோடு போட்ட சிப்பி எதுவும் இருக்கான்னு தடவிப் பாருங்க. நத்தை முட்டையும் இருக்கும், வழவழன்னு ஜெல்லி மாதிரி.

4. வந்ததும் நேரா டேங்க்ல போடாம தனி வாளியில சில வாரம் வைங்க. அந்த வாளித் தண்ணிய செடித் தொட்டி மண்ணுல ஊத்துங்க, மழைநீர் வடிகால்ல வேணாம்.

வேணாம்னு முடிவு பண்ணாலும் குளத்துலயோ கோயில் தெப்பத்துலயோ விடாதீங்க, பாவம் உயிர்னு நினைச்சு பண்றதுதான் வினையாகுது. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து, ஆற வச்சு, ரோஜாச் செடி அடியில புதைச்சிடுங்க. சிப்பி ஒட்டியிருந்தா மட்டும் பைல கட்டி குப்பைக்கு.